தர்மபுரிக் குழந்தைகளின் பற்களைக் கணக்கெடு!

வாயைக் கையால் மூடிக்கொண்டு சிரிக்கும் பெண்களைத் தர்மபுரி, கிருஷ்ணகிரி ஜில்லாக்களின் கிராமங்களில் நடந்து பழகிய தோழர்கள் கண்டிருப்பார்கள். பெண் பார்க்க வருகிறவர்கள் முதலில் பல்லைத்தான் பார்க்கிறார்கள். “ஒழுங்காகப் பல் தேய்க்காத ஜனங்கள்” என்று பட்டணத்து மேதாவிகள் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். அபாண்டமான பேச்சு இது! எத்தனை வருஷம் தேய்த்தாலும் அந்தக் கறை போகாது. அது பல்லின் மேல் படிந்த அழுக்கல்ல. பல்லோடு பல்லாக உருவானது.

பாறைக்குள் ஆழமாகத் தோண்டிய கிணறுகளில் புளோரைடு என்ற உப்பு கரைந்து வருகிறது. லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். வேறு தண்ணீரே இல்லையென்றால் 1.5 வரை பொறுக்கலாம் என்பது இந்திய அளவுகோல். கொஞ்சம் இருந்தால் சொத்தையைத் தடுக்கும் பொருள்தான் இது. (பற்பசைக் கம்பெனிகள் விளம்பரத்தில் சொல்வது இந்தப் பாதியை மட்டும்.) அளவு மீறினால், சுமார் எட்டு வயது வரை தாடைக்குள் வளரும் பற்களில் வெள்ளைத் திட்டும், பழுப்புக் கறையும், குழியும் விழுகின்றன. வளர்ந்தபின் வேற்றூரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த பெண் அதே தண்ணீரைக் குடித்தாலும் அவள் பல் கறைபடுவதில்லை. எலும்பைத்தான் அது பின்னால் பிடிக்கிறது.

ஆகவே ஆஸ்பத்திரி நாற்காலியில் ஒருவர் வாயை மட்டும் பார்த்து இந்த நோயைப் புரிந்துகொள்ள முடியாது. ஊர் முழுவதையும் எண்ண வேண்டும். யார் எங்கே பிறந்தார், எந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தார் என்று கேட்க வேண்டும். அமெரிக்காவில் மெக்கே என்ற பல் டாக்டர் 1901 முதல் இப்படித்தான் ஊர் ஊராக அலைந்தார். கடைசியில் 1931-ல் தண்ணீரில் புளோரைடைக் கண்டுபிடித்தவர் ஓர் அலுமினியக் கம்பெனியின் ரசாயன நிபுணர். ஜனங்களின் பல்லுக்காகவா கம்பெனி கவலைப்பட்டது? தன் சுரங்க நகரத்துப் பிள்ளைகளின் கறைக்குத் தன் அலுமினியத்தின் மேல் பழி வந்துவிடுமோ என்ற பயம்தான்! நம் பழைய சென்னை ராஜதானியில், நெல்லூர்ப் பக்கத்து கிராமங்களைப் பற்றி 1937-லேயே டாக்டர்கள் எழுதிவிட்டார்கள். அதன் பிறகும் எத்தனை தலைமுறை அந்தத் தண்ணீரைக் குடித்தது!

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பான் கடனில் கட்டப்பட்டு 2013-ல் துவக்கப்பட்டது. மக்கள் வெகுகாலம் கேட்டுப் பெற்ற திட்டம். அதைக் குறைகூறுவது நமது நோக்கமல்ல. ஆனால் குழாயின் நீளத்தையும் தொட்டிகளின் எண்ணிக்கையையும் சொல்லிவிட்டால் கணக்கு முடிந்ததா? 2013-ல் பிறந்த குழந்தைகளுக்கு 2025-ல் 12 வயது ஆகிவிட்டது. பல் நோய்களைக் கணக்கெடுக்க உலக சுகாதார ஸ்தாபனம் வகுத்த வயதும் அதுவே. காவிரி நீர் மெய்யாகவே வீட்டுக் குடத்துக்கு வந்து சேர்ந்ததா என்பதற்கு அந்தப் பிள்ளைகளின் முன்பற்களே சாட்சி.

ஒவ்வொரு பஞ்சாயத்திலும் 12 வயதுப் பிள்ளைகளையும், அதே ஊரில் பிறந்து வளர்ந்த 25 வயதுக்காரர்களையும் சர்க்கார் பரிசோதிக்கட்டும். பகல் வெளிச்சத்தில், ஒரே பயிற்சி பெற்ற டாக்டர்கள் பார்க்கட்டும். இல்லையேல் ஒருவர் ‘லேசு’ என்பதை இன்னொருவர் ‘கடுமை’ என்பார். பெங்களூர்க் கட்டட வேலைக்குப் போன குடும்பத்துப் பிள்ளைகளைத் தனியாக எழுதட்டும். முடிவைப் பஞ்சாயத்து அலுவலகச் சுவரில் ஒட்டட்டும். கறை குறையாத ஊரில் மேல்நிலைத் தொட்டியைத் திறந்து, காவிரி நீரோடு ஆழ்துளைக் கிணற்று நீர் எவ்வளவு கலக்கிறது என்று ஊரார் முன்னிலையில் அளந்து காட்டட்டும்.