மசினகுடிக்குப் போறீங்களா? கொஞ்சம் நில்லுங்க

நம்ம ஆளுங்க யாராவது நாலு நாள் லீவு போட்டு ஊர் சுத்தக் கிளம்பினா, என்கிட்ட ஒரு கேள்வி வந்துடும். "மசினகுடில நல்ல ரிசார்ட்டா ஒண்ணு சொல்லு. ராத்திரி ஜீப்ல கூட்டிட்டுப் போய் மிருகம் காட்டணும். கேம்ப் ஃபயர் இருந்தா இன்னும் நல்லது." கேக்கிறவங்க நல்லவங்கதான். காட்டு மேல ஆசை இருக்கிறவங்கதான். ஆனா இந்த மூணு வரியில இருக்கிற மூணு விஷயமும்தான் அந்த ஊரைப் படுத்துற பாடு. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்லி ஓய்ஞ்சு போச்சு, அதான் இந்தப் பதிவு.

முதல்ல ஊரைப் பத்தி. முதுமலை 1940-ல் சரணாலயம் ஆச்சு, அப்புறம் தேசியப் பூங்கா, 2007-ல் புலிகள் காப்பகம். மைசூரிலிருந்து ஊட்டிக்கு வர்ற ரோடு தெப்பக்காட்டில் ரெண்டாப் பிரியும். ஒண்ணு கூடலூர் பக்கம் போகும். இன்னொண்ணு சில கிலோமீட்டரில் மசினகுடியைத் தொட்டு, கல்லட்டி மலையில் 36 கொண்டை ஊசி வளைவு ஏறி ஊட்டி போகும். ஒரு கடைத்தெரு, கொஞ்சம் டீக்கடை, வரிசையா நிக்கிற ஜீப்புங்க, சாவகாசமா நடு ரோட்டில் படுத்திருக்கிற மாடுங்க. அவ்வளவுதான் ஊர். 'மசினகுடி வழியா ஊட்டி'ன்னு மலையாள ரீல்ஸ்காரங்க போட்ட போட்டுல, வாரக் கடைசியில் இந்தக் கடைத்தெரு தாங்கற கூட்டமா வருது?

இந்த ஊர் டூரிஸ்டுக்காக உண்டானது இல்லை. இருளர், குறும்பர்னு பழங்குடிகள் காலங்காலமா இருக்கிற இடம். 1930-களில் பைக்காரா நீர்மின் திட்டம் வந்தப்போ சிங்காராவில் மின்நிலையம் கட்டினாங்க. அப்புறம் மாயாறு பக்கமும் வேலை நடந்துச்சு. வேலைக்கு வந்தவங்க பல பேர் இங்கேயே தங்கிட்டாங்க. மாடு வளர்த்தாங்க, கொஞ்சம் விவசாயம் பண்ணினாங்க. பொக்காபுரம் மாரியம்மன் திருவிழாவுக்கு மலை மேலிருந்தும் கீழேருந்தும் சனம் திரண்டு வரும். ரிசார்ட்டெல்லாம் ரொம்பப் பின்னாடி வந்த கதை.

இப்ப யானை கதைக்கு வருவோம். மசினகுடி இருக்கிற சீகூர் பீடபூமி, நீலகிரி மலைச்சுவருக்கும் மாயாற்றுப் பள்ளத்தாக்குக்கும் நடுவில மாட்டின துண்டு நிலம். மழை மறைவுப் பகுதி, முள்ளுக்காடு. பாக்கிறதுக்கு வறண்டு போய்க் கிடக்கும். ஆனா மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டையும் சத்தியமங்கலம் பக்கத்துக் கிழக்குத் தொடர்ச்சி மலைக் காட்டையும் இணைக்கிற பாதை இதுதான். தண்ணியும் தீவனமும் தேடி யானைங்க மழைக் காலத்துக்கு ஒரு பக்கம், வெயில் காலத்துக்கு ஒரு பக்கம்னு இந்த வழியாத்தான் போய் வருது. உலகத்திலேயே ஆசிய யானைகள் அதிகமா இருக்கிற நிலப்பரப்பு இந்த நீலகிரி வட்டாரம். அதோட நடைபாதையில போய் வேலி போட்டு, அதுலயும் மின்வேலி போட்டு, "ஃபாரஸ்ட் வியூ" காட்டேஜ் கட்டினா என்ன ஆகும்? யானை சுத்திப் போகும். சுத்திப் போற வழியில யாரோ ஏழை வீட்டு வாழைத்தோட்டம் இருக்கும்.

இது கோர்ட்டுக்குப் போச்சு. 2010-ல் தமிழக அரசு யானை வழித்தடத்தை அறிவிச்சது. 2011-ல் சென்னை உயர் நீதிமன்றம் அது சரிதான்னு தீர்ப்பு சொன்னது. ரிசார்ட்காரங்க உச்ச நீதிமன்றம் போனாங்க. 2018 ஆகஸ்டில் அனுமதியில்லாத ரிசார்ட்டுகளுக்குச் சீல் வைக்கச் சொல்லி உத்தரவு. 2020 அக்டோபர் 14-ம் தேதி, உயர் நீதிமன்றத் தீர்ப்பு செல்லும்னு உச்ச நீதிமன்றம் உறுதி பண்ணி, தனிப்பட்டவங்க ஆட்சேபணைகளைக் கேக்க ஓய்வு பெற்ற நீதிபதி தலைமையில் ஒரு கமிட்டி போட்டது.

தீர்ப்பு வந்து மூணு மாசம்தான். 2021 ஜனவரியில், ஒரு ரிசார்ட் பக்கம் வந்த யானை மேல எரியற டயரைத் தூக்கி எறிஞ்சாங்க. காதோட ஒட்டிக்கிட்டு அது பத்தி எரிய, யானை பிளிறிக்கிட்டே இருட்டுல ஓடற வீடியோ நீங்களும் பார்த்திருப்பீங்க. ஏற்கெனவே முதுகுல காயத்தோட திரிஞ்ச யானை அது. ஜனவரி 19-ம் தேதி, சிகிச்சைக்கு லாரியில கொண்டு போற வழியிலேயே செத்துப் போச்சு. ஒரு வன ஊழியர் அதோட தும்பிக்கையைப் பிடிச்சுக்கிட்டு அழுத வீடியோவும் வந்துச்சு. எனக்கு முதல் வீடியோவை விட ரெண்டாவதுதான் இன்னும் மனசுல நிக்குது.

"சரிப்பா, ரிசார்ட்காரன் கெட்டவன், யானை பாவம், முடிஞ்சுதா?"ன்னு கேட்டீங்கன்னா, இல்லை. அங்கதான் நகரத்துல உக்காந்து யானைக்காக உருகுற நம்ம மாதிரி ஆளுங்க தப்பா முடிவு கட்டறோம்.

போன தடவை போனப்போ ஒரு ஜீப் டிரைவர்கிட்ட டீக்கடையில பேச்சு கொடுத்தேன். வழித்தடம் பத்தி நான் ஆரம்பிச்சதும் மனுஷன் சிரிச்சுட்டார்.

"சார், நீங்க வருஷத்துக்கு ஒருக்கா ஆனை பாக்க வர்றீங்க. என் பொண்ணு தினமும் ஸ்கூல் விட்டு வர்றப்ப ஆனை நிக்குதான்னு பாத்துட்டுத்தான் வரணும். டி23 புலியைத் தேடினாங்களே, 21 நாளு. மாட்டை வெளிய அவுக்கலைங்க. அப்ப எந்த ஆனைப் பிரியரும் எங்களுக்குத் தீவனம் அனுப்பலை."

"ரிசார்ட்டெல்லாம் மூடினா நல்லதுதானே அண்ணே?"

"மூடட்டுங்க. முதலாளிக்கு வேற ஊர்ல வேற ரிசார்ட் இருக்கு. பாத்திரம் கழுவினவ எங்க போவா?"

எனக்குச் சட்டுனு பதில் வரலை. டி23-ன்னு அவர் சொன்னது 2021-ல நடந்தது. நாலு பேரைக் கொன்னதாச் சொல்லப்பட்ட புலி. அக்டோபர் 15-ம் தேதி மசினகுடி பக்கத்துல உயிரோட பிடிச்சு மைசூருக்குக் கொண்டு போனாங்க. உயிரோட பிடிச்சதுக்கு நாம கை தட்டினோம், சரிதான். ஆனா அந்த 21 நாள் கதவைச் சாத்திக்கிட்டு இருந்தவங்களுக்கு யாரும் கை தட்டலையே.

ஆக, 'மனுசனைக் காலி பண்ணு, காடு பிழைக்கும்'ங்கிறதும் எனக்கு உடன்பாடில்லை. 'ரிசார்ட் இல்லாட்டி உள்ளூர்க்காரன் பிழைக்க மாட்டான்'ங்கிறதும் உடன்பாடில்லை. ரெண்டாவது வாதத்தைப் பெரும்பாலும் சொல்றது உள்ளூர்க்காரன் இல்லை, ரிசார்ட் ஓனர். மூணு தலைமுறையா ஓட்டு வீட்டுல இருக்கிறவரையும், யானை வழியில வேலி போட்ட வெளியூர் பணத்தையும் ஒரே தட்டுல வைக்கக் கூடாது. முதல்ல சொன்னவருக்கு நஷ்ட ஈடு சீக்கிரம் கிடைக்கணும், வேலை கிடைக்கணும். ரெண்டாவது ஆளோட வேலி போகணும்.

என்னோட முக்கியமான கட்சி வேற. இந்த ஊரோட தலையெழுத்தை எழுதறது கோர்ட்டோ ஃபாரஸ்ட் டிபார்ட்மெண்டோ மட்டும் இல்லை, வந்து போற நாமும்தான். 'ரூம் பால்கனில இருந்தே யானை தெரியணும்'னு நாம காசு கொடுக்கிறதாலதான் யானை வழியில பால்கனி கட்டறாங்க.

ரிவால்டோன்னு ஒரு காட்டு யானை, வாழைத்தோட்டம் பக்கம். தும்பிக்கை நுனி துண்டாகிப் போனது. ஜனங்க பழம் கொடுத்துப் பழக்கி, அது ஊருக்குள்ளேயே சுத்த ஆரம்பிச்சது. 2021 மே மாசம் பிடிச்சு மரக்கூண்டுல வச்சாங்க, ஆகஸ்டில் தூரக் காட்டுல கொண்டு போய் விட்டாங்க. சில நாள்லயே நடந்து திரும்பி வந்துடுச்சு! படிக்கிறப்போ 'அட'ன்னு சந்தோஷமா இருந்துச்சு. அப்புறம் யோசிச்சா, பழம் கொடுத்த கைகள்ல டூரிஸ்ட் கையும் இருந்திருக்கும்தானே. பாசத்துல கொடுத்த பழம் கூண்டு வரைக்கும் கொண்டு போய் விட்டிருக்கு.

அதனால, போறவங்களுக்கு என் யோசனை:

1. ராத்திரி சஃபாரி கேக்காதீங்க. முதுமலையில் அப்படி அனுமதிக்கப்பட்ட ஒண்ணு கிடையாது. ராத்திரி 9 மணியிலிருந்து காலை 6 வரைக்கும் காட்டு ரோட்டையே மூடி வைக்கிறதுக்குக் காரணம் இருக்கு. 'தனியா ஏற்பாடு பண்றேன்'னு யாராவது சொன்னா, அது தப்பு ஏற்பாடு.

2. தெப்பக்காட்டுல வனத்துறை வேன் இருக்கு. காட்டுக்குள்ள போகணும்னா அதுல போங்க. மிருகம் தெரிஞ்சா சந்தோஷம், தெரியலேன்னா மரம் பாருங்க. மயில் கியாரண்டி :-)

3. சத்தம், டிஜே, கேம்ப் ஃபயர் எல்லாம் விளம்பரத்துல போட்டிருக்கிற இடத்தைத் தவிர்த்துடுங்க. வெயில் காலத்துல முள்ளுக்காட்டுப் பக்கத்துல நெருப்பு வைக்கிறது பொழுதுபோக்கா?

4. தங்கற இடத்துல ரெண்டு கேள்வி கேளுங்க: லைசென்ஸ் இருக்கா? மின்வேலி இருக்கா? பத்து பேர் கேட்டா பதினோராவது ஆளுக்கு ஒழுங்கான பதில் கிடைக்கும்.

5. காசை ஊருக்குள்ள செலவழிங்க. டீக்கடை, மெஸ், உள்ளூர் ஜீப்னு பகல்ல, ரோட்டை விட்டு இறங்காம. உண்ணிச்செடி காட்டையே மூடிக்கிட்டு வருது இல்லையா, அதோட குச்சியில இந்த வட்டாரப் பழங்குடிக் கலைஞர்கள் செஞ்ச ஆளுயர யானைங்க 2021-ல் லண்டன் பார்க்குகள்ல நின்னுச்சு, 2024-ல் அமெரிக்கா போச்சு. களையும் போகுது, கூலியும் கிடைக்குது. ரிசார்ட் இல்லாமலும் பிழைப்புக்கு வழி உண்டுங்கிறதுக்கு ஒரு சாட்சி.

2024 மே மாசத்திலிருந்து நீலகிரிக்கு இ-பாஸ் வந்துச்சு. 2025 ஏப்ரல் சீசனுக்கு வாரநாள்ல 6,000 வண்டி, வாரக்கடைசியில் 8,000 வண்டின்னு உச்சவரம்பும் வந்துச்சு. நம்ம ஆளுங்க நிறையப் பேர் இதைத் திட்டறாங்க. எனக்கு இது சரின்னே படுது. கல்யாண மண்டபத்துலயே பந்திக்கு இத்தனை இலைன்னு கணக்கு இருக்கு, காட்டுக்கு இருக்கக் கூடாதா?

அந்த டிரைவர் அண்ணன் கேட்ட கேள்விக்கு, பாத்திரம் கழுவினவங்க எங்க போவாங்கங்கிறதுக்கு, என்கிட்ட முழுப் பதில் இல்லை. ஆனா அந்தக் கேள்விக்குப் பதில் யானை வழியில இன்னொரு கட்டடம் இல்லைங்கிறது மட்டும் நிச்சயம். அந்தப் பக்கத்து மக்கள், இல்லை அங்க வேலை பார்த்தவங்க யாராவது படிச்சா, வந்து சொல்லுங்க. திட்டறதா இருந்தாலும் திட்டுங்க, கேட்டுக்கறேன்.

டிஸ்கி: இதைப் படிச்சுட்டும் "சரி, நல்ல ரிசார்ட் பேரைச் சொல்லு"ன்னு மெயில் போடற நண்பர்களுக்கு, பதிலா இதே பதிவோட சுட்டிதான் வரும் :-)