பால்மா டின் சொல்லாத பதில்

கடந்த வாரம் என் மருமகள் பார்மசியில் நின்றபடி குழந்தைப் பால்மா டின் ஒன்றின் படத்தை அனுப்பினாள். "மாமா, ஹலால் முத்திரை இருக்கு. சோயாவும் சேர்த்திருக்காங்க. இது மரபணு மாற்றின சோயாவா?" படத்தை எவ்வளவு பெரிதாக்கிப் பார்த்தும் என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. 2001இல் மரபணு மாற்றப்பட்ட உணவுகளுக்கு இலங்கை தடை அறிவித்தது. வெளிநாட்டு வர்த்தக அழுத்தத்தால் அது கைவிடப்பட்டது. பின்னர் 1980ஆம் ஆண்டின் உணவுச் சட்டத்தின் கீழ் வந்த விதிகள் 2007 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளன. அவற்றின்படி இறக்குமதிக்கு அனுமதி பெற வேண்டும். ஒரு பொருளில் மரபணு மாற்றப்பட்ட பகுதி 0.5 சதவீதத்தைத் தாண்டினால் லேபலில் குறிப்பிட வேண்டும்.

சிக்கல் இதுதான்: லேபலில் எதுவும் இல்லையென்றால், அது கலக்கவில்லை என்றும் இருக்கலாம், எவரும் பரிசோதிக்கவில்லை என்றும் இருக்கலாம்.

பரிசோதனைக்கும் எல்லை உண்டு. பீ.சி.ஆர். முறை டி.என்.ஏ.யைத் தேடுகிறது. சோயா மாவிலும் புரதத்திலும் அதைப் பிடிக்கலாம். சுத்திகரித்த எண்ணெயிலும் லெசித்தினிலும் டி.என்.ஏ. பெரும்பாலும் எஞ்சுவதில்லை. மாடு தின்ற தீவனத்தை அதன் பாலைச் சோதித்து அறிவதும் இயலாது. ஆகவே ஆய்வுகூடம் மட்டும் போதாது. மூலப்பொருள் எங்கிருந்து வந்தது என்ற ஆவணத்தை இறக்குமதியாளரிடம் கேட்க வேண்டும்.

பீதி கிளப்ப நான் எழுதவில்லை. சந்தையிலுள்ள இத்தகைய உணவுகள் பாதுகாப்பு மதிப்பீட்டைத் தாண்டியவை என்றே உலக சுகாதார ஸ்தாபனம் கூறுகிறது. பயந்துபோய்ப் பால்மாவை நிறுத்திப் பச்சிளம் பிள்ளைக்கு மாட்டுப் பால் கொடுத்துவிடாதீர்கள். ஆனால் நாம் பலதும் உண்கிறோம். பால்மாவில் வளரும் பிள்ளைக்கோ முதல் ஆறு மாதமும் அந்த ஒரே டின்தான். பரிசோதனை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். 2008இல் சீனாவில் மெலமைன் கலந்த பால்மாவால் ஆறு குழந்தைகள் இறந்தன. அது வேறு விவகாரம், பாடம் ஒன்றுதான். அன்றைய புரதச் சோதனை நைதரசனை மட்டுமே அளந்தது. மெலமைனைத் தேடாததால் அது பிடிபடவில்லை.

2016ஆம் ஆண்டின் தகவலறியும் சட்டம் நம் கையில் இருக்கிறது. கடந்த ஆண்டு எத்தனை குழந்தைப் பால்மா மாதிரிகள் இதற்காகப் பரிசோதிக்கப்பட்டன, முடிவு என்ன என்று சுகாதார அமைச்சிடம் கேட்கலாம். தகவல் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும். நான் விண்ணப்பம் எழுதிவிட்டேன். பள்ளிவாசல் நிர்வாகங்களும் மாதர் சங்கங்களும் எழுதினால், மருமகளின் கேள்விக்கு என்னைவிட நல்ல பதில் கிடைக்கும்.