கைக்கோலும் கைக்கடிகாரமும்

எங்கள் இலக்கியக் கூடுகைகளில் பேசுபொருள் மெல்ல மாறி வருகிறது. முன்பெல்லாம் புதிதாக வந்த நாவலைப் பற்றியும் சிற்றிதழ்ச் சண்டைகளைப் பற்றியும் நள்ளிரவு தாண்டிப் பேசிக் கலைவோம். இப்போது தேநீர் ஆறுவதற்குள் பேச்சு அவரவர் பெற்றோரின் சர்க்கரை அளவுக்கும் முழங்கால் வலிக்கும் வந்து சேர்ந்துவிடுகிறது. எங்களில் பாதிப்பேர் வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருக்கிறோம். பெற்றோர் ஊரில் இருக்கிறார்கள். அந்த இடைவெளியை நிரப்ப வந்திருக்கும் ஒரு பொருளைப் பற்றி எங்கள் கருத்தைச் சொல்ல விரும்புகிறோம். மணிக்கட்டில் கட்டிக்கொண்டால் இதயத் துடிப்பையும் உறக்கத்தையும் நடையையும் கணக்கெடுத்து, கடல் கடந்திருக்கும் பிள்ளையின் கைபேசிக்கு அனுப்பிவிடும் கடிகாரம்தான் அது.

நண்பர் ஒருவர், கும்பகோணத்தருகே தனியே வாழும் தம் தாயாருக்கு அத்தகைய கடிகாரம் ஒன்றை வாங்கி அனுப்பினார். அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது. முதல் வாரம் எல்லாம் நன்றாகவே நடந்தது. இரண்டாம் வாரம் காலை அழைப்பில் நண்பர் கேட்டார்: "ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து என்னம்மா பண்ணினே?" அம்மா சற்று நேரம் பேசவில்லை. "எழுந்தது எனக்கே ஞாபகமில்லே. நீ அங்கே எழுதி வச்சிருக்கே" என்றாராம். அதன்பின் அழைப்புகள் எண்களிலேயே தொடங்கின. நேற்று ஏன் இவ்வளவு குறைவாக நடந்தாய், ஏன் நான்கு மணி நேரம்தான் தூங்கினாய் என்று கேள்விகள். சில நாட்களில் அடிகளின் எண்ணிக்கை கூடத் தொடங்கியது. நண்பருக்கு மகிழ்ச்சி. விடுமுறையில் ஊருக்குப் போனபோதுதான் உண்மை தெரிந்தது. அம்மா ஊஞ்சலில் அமர்ந்து, தொலைக்காட்சி பார்த்தபடியே, கடிகாரம் கட்டிய கையை வீசி வீசி ஆட்டிக்கொண்டிருந்தார். "நீ கவலைப்படப்படாதுன்னுதான்டா" என்றாராம்.

இதைக் கேட்டு நாங்கள் சிரித்தோம். சிரிப்பு அதிக நேரம் நிலைக்கவில்லை. தாயின் நலத்தை மகனுக்குச் சொல்வதற்காக வாங்கிய கருவி, மகனின் கவலையைத் தணிக்கத் தாய் செய்யும் வேலையாக மாறிவிட்டிருந்தது. யாருடைய நலத்துக்காக இந்தக் கருவி என்ற கேள்வி அன்று எங்களுக்குள் எழுந்தது.

கருவியைப் பழிப்பது எங்கள் நோக்கமன்று. அமெரிக்காவின் மான்டானா மாநிலத்தைச் சேர்ந்த நார்மன் ஹோல்டர் என்னும் அறிவியலாளர், நடமாடும் மனிதனின் இதயத் துடிப்பைப் பதிவு செய்ய 1940களின் பிற்பகுதியில் ஒரு கருவியைச் செய்தார். முதுகில் சுமக்க வேண்டிய அதன் எடை ஏறத்தாழ 38 கிலோ. அந்தச் சுமை இன்று ஒரு வளையல் அளவுக்குச் சுருங்கியிருக்கிறது. கடிகாரத்தின் அடிப்பகுதியிலிருந்து பச்சை ஒளி தோலுக்குள் செல்கிறது. குருதி அதை உறிஞ்சிக்கொள்கிறது. ஒவ்வொரு துடிப்பிலும் குருதியின் அளவு கூடிக் குறைவதால் திரும்பி வரும் ஒளியும் கூடிக் குறைகிறது. அதைக் கொண்டு கருவி துடிப்பை எண்ணுகிறது. எளிமையான, அழகான உத்தி. பட்டை தளர்ந்தாலும், கை ஓயாமல் அசைந்தாலும், விரல்கள் குளிர்ந்து குருதியோட்டம் குறைந்தாலும் அந்த எண் பிழைபடும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நம் வீட்டுப் பெண்மணிகளின் கையில் அடுக்கிய வளையல்களோடு இடித்துக்கொண்டு அது எங்கே சரியாக ஒட்டி நிற்கப்போகிறது?

பயனும் உண்மையே. எங்களில் இன்னொருவரின் தந்தைக்குத் துடிப்பு ஒழுங்கின்றி இருப்பதாகக் கடிகாரம் எச்சரித்தது. மருத்துவரிடம் சென்று இ.சி.ஜி. எடுத்தபோது அது உறுதியாயிற்று. பக்கவாதத்தைத் தடுக்கும் மருந்து தொடங்கப்பட்டது. அந்தக் குடும்பத்தினரிடம் இந்தக் கருவி தேவையா என்று கேட்க எங்களுக்குத் துணிவில்லை.

ஆயினும் ஒரு குடும்பத்தின் அனுபவத்தை ஊருக்கெல்லாம் பொதுவாக்கிவிட முடியாது. 2019இல் வெளியான ஆப்பிள் இதய ஆய்வில் 4,19,297 பேர் பங்கேற்றனர். அவர்களில் 0.52 விழுக்காட்டினருக்கே எச்சரிக்கை வந்தது. எச்சரிக்கை பெற்று, பின்னர் மார்பில் ஒட்டும் பதிவுக்கருவியை அணிந்து திருப்பி அனுப்பியவர்களில் 34 விழுக்காட்டினரிடம் அந்த ஒழுங்கின்மை பதிவாயிற்று. டென்மார்க்கில் 70 முதல் 90 வயது வரையுள்ள ஏறத்தாழ ஆறாயிரம் பேரிடம் நடந்த லூப் ஆய்வு 2021இல் வெளிவந்தது. தோலுக்கடியில் பதிவுக்கருவி பொருத்தப்பட்டவர்களில் 31.8 விழுக்காட்டினரிடமும், வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களில் 12.2 விழுக்காட்டினரிடமும் கோளாறு கண்டறியப்பட்டது. ஆனால் பக்கவாதத்தைப் பொறுத்தவரை இரு தரப்புக்கும் இடையே உறுதியாகச் சொல்லத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. கண்டறிந்துவிட்டால் காப்பாற்றிவிட்டோம் என்று எண்ணிக்கொள்வது நம் அவசரமே.

'பத்தாயிரம் அடிகள்' என்னும் மந்திரத்தையும் சற்று உற்றுப் பார்க்கலாம். அது மருத்துவர்கள் வகுத்த அளவன்று. 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த நடையளவி ஒன்றின் பெயரான 'மான்போ-கெய்' என்பதற்குப் பத்தாயிரம் அடி மானி என்று பொருள். வணிகப் பெயர் உலகத்தின் உடல்நல நெறியாகிவிட்டது. சராசரி 72 வயதுடைய 16,741 அமெரிக்கப் பெண்களை ஆராய்ந்து 2019இல் வெளியான ஆய்வில், நாளொன்றுக்கு 2,700 அடி நடந்தவர்களைக் காட்டிலும் 4,400 அடி நடந்தவர்களிடம் இறப்பு விகிதம் கணிசமாகக் குறைந்திருந்தது. ஏறத்தாழ 7,500 அடிகளுக்குப் பிறகு மேலும் குறையவில்லை. ஊஞ்சலில் அமர்ந்து கையை ஆட்டிய அம்மாவை அப்படி ஆட்டவைத்த இலக்கே ஒரு விளம்பரத்தின் மிச்சம் என்பதை நினைத்தால் மனம் கசக்கிறது.

இவற்றுக்கெல்லாம் மேலாக, ஊசி குத்தாமலே குருதிச் சர்க்கரையைச் சொல்லிவிடும் என்று விற்கப்படும் கடிகாரங்களும் மோதிரங்களும் இருக்கின்றன. அத்தகைய எதற்கும் தாம் ஒப்புதல் அளிக்கவில்லை, அவற்றை நம்ப வேண்டாம் என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. சர்க்கரை நோய் இல்லாத வீடு அரிதாகிவிட்ட நம் ஊரில், பொய்யான எண்ணை நம்பி மருந்தின் அளவை மாற்றிக்கொள்வது உயிரோடு விளையாடுவதாகும்.

இனி நாம் சொல்ல வந்ததற்கு வருவோம். புறநானூற்றின் 243ஆம் பாடலைப் பாடியவரின் இயற்பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. அவர் கையாண்ட சொற்றொடரையே பெயராக்கித் தொடித்தலை விழுத்தண்டினார் என்கிறோம். பூண் கட்டிய கோலை ஊன்றி, இருமலுக்கு இடையே சில சொற்களைப் பேசும் முதியவர், மரக்கிளையிலிருந்து ஆழமான நீரில் குதித்து அடிமணலை அள்ளி வந்து காட்டிய தம் இளமையை நினைத்து இரங்குகிறார். முதுமைக்கு நம் மரபு தந்த முதல் துணைக்கருவி அந்தக் கோல்தான். அது தாங்கும், யாருக்கும் எதையும் சொல்லாது. ஊன்றுபவரின் கையில் இருப்பது. அவர் வேண்டாதபோது சுவரோரம் சாய்ந்து நிற்பது. கடிகாரமோ முதியவரின் உடலிலிருந்து செய்தியை எடுத்து வேறொருவரிடம் சேர்க்கிறது. இரண்டும் துணையே. ஆனால் ஒன்று தாங்குகிறது, மற்றொன்று தெரிவிக்கிறது. தெரிவிப்பதையே தாங்குவதாக நாம் எண்ணிக்கொள்ளும் இடத்தில்தான் தவறு நேர்கிறது.

அந்தத் தவறின் விலையையும் நண்பர் அறிய நேர்ந்தது. சென்ற ஆண்டு ஒரு விடியற்காலையில் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்தார். விழுந்தால் உடனே செய்தி அனுப்பும் வசதி அந்தக் கடிகாரத்தில் இருந்தது. ஆனால் மகன் வாங்கித் தந்த விலையுயர்ந்த பொருள் நனைந்துவிடக் கூடாதென்று, குளிக்கப் போகும்போதெல்லாம் அதைக் கழற்றி சாமி அலமாரியில் வைத்துவிடுவது அம்மாவின் வழக்கம். அது அங்கே பத்திரமாக இருந்தது. வாசலில் மாட்டிய பூக்கூடை எடுக்கப்படாமலே இருந்ததைத் திரும்பி வரும் வழியில் கவனித்த பூக்காரம்மாதான் அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டுக் கதவைத் திறக்கவைத்தார். நல்வாய்ப்பாக எலும்பு முறியவில்லை. இது நம் ஊர்க் கதை மட்டுமன்று. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் தொண்ணூறு வயதைக் கடந்தவர்களிடம் நடந்து 2008இல் வெளியான ஆய்வும் இதையே சொன்னது: விழுந்து எழ முடியாமல் நெடுநேரம் கிடந்தவர்களில் பெரும்பாலோர், அழைப்புக் கருவி இருந்தும் அதைப் பயன்படுத்தவில்லை.

திருக்குறளின் மருந்து அதிகாரம், மருத்துவம் என்பதை நான்கு கூறுகளாகப் பிரித்துச் சொல்லி முடிகிறது: நோயுற்றவர், மருத்துவர், மருந்து, அருகிருந்து கவனிப்பவர். இந்த நான்கில் கடிகாரம் எங்கே சேரும்? மருத்துவருக்கு உதவும் ஒற்றன் என்று வேண்டுமானால் சொல்லலாம். நான்காமவரின் இடத்தில் அதை உட்காரவைக்க முடியாது. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் ஒரு பெண் வீட்டுக்கே வந்து குருதியழுத்தம் பார்க்கிறார், மாத்திரை தருகிறார். அவர் எடுத்துச் செல்வதும் எண்தான். ஆனால் அந்த எண்ணோடு ஒரு முகமும், "சாப்பிட்டீங்களாம்மா?" என்றொரு கேள்வியும் வீட்டுக்குள் வருகின்றன. மூன்று விரல்களால் நாடி பார்த்த பழைய வைத்தியரின் கணிப்பை நாம் ஏற்கலாம், ஏற்காமலிருக்கலாம்; அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் என்பதை மறுக்க முடியாது.

ஆகவே எங்கள் கருத்து இது. கடிகாரம் வாங்கித் தருவோம். ஆனால் அதற்கு முன் கேட்போம். எந்தச் செய்தி யாருக்குப் போகும் என்பதை அணிபவருக்கு அவர் மொழியில் விளக்கி, அவர் விரும்பியதை மட்டும் பெறுவோம். 2023இல் இயற்றப்பட்ட எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இசைவை முதன்மைப்படுத்துகிறது. தனிமனிதர் தம் இல்லத் தேவைக்காகக் கையாளும் தரவுக்கு அச்சட்டம் பொருந்தாது. எனவே தாய்க்கும் மகனுக்கும் இடையே இசைவைக் காக்கும் பொறுப்பு மகனுடையதே. இதயத் துடிப்பு எச்சரிக்கையும் விழுந்த செய்தியும் போதும். இரவில் எத்தனை முறை எழுந்தார் என்பது அவருடைய அந்தரங்கம். எச்சரிக்கை வந்தால் பத்து நிமிடத்தில் போய்ப் பார்க்க அருகில் ஒருவர் உண்டா என்பதை, கருவியின் விலையைப் பார்ப்பதற்கு முன்பே பார்ப்போம். குளியலறையில் ஒரு கைப்பிடியும் வழுக்காத தரையும் இல்லாத வீட்டுக்குக் கடிகாரம் இரண்டாவது செலவாகவே இருக்க வேண்டும். இவற்றைச் செய்ய நேரமில்லை என்போமானால், நாம் வாங்குவது பெற்றோரின் நலத்தையா, நம் மன நிம்மதியையா என்று நம்மை நாமே கேட்டுக்கொள்வதே நேர்மை.

நண்பரின் அம்மா இன்றும் அந்தக் கடிகாரத்தைக் கட்டிக்கொள்கிறார், இப்போது குளிக்கும்போதும். அது நீரில் நனையலாம் என்று முதல் நாளே யாரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை. உறக்கக் கணக்கையும் அடிக் கணக்கையும் நண்பர் நிறுத்திவிட்டார். காலை அழைப்பில் அம்மாதான் முதலில் பேசுகிறார்; கொல்லையில் பூத்த நந்தியாவட்டையிலிருந்து எதிர்வீட்டுச் சண்டை வரை. பூக்காரம்மாவின் எண் இப்போது நண்பரின் கைபேசியில் இருக்கிறது. வாரம் ஒருமுறை அவரிடமும் பேசுகிறாராம்.