தற்கொலை என்னும் சொல்லும் வாளையார் வழக்கும்

பாலக்காடு மாவட்டம் வாளையாரை அடுத்த அட்டப்பள்ளத்தில் 2017 ஜனவரி 13 அன்று 13 வயதுச் சிறுமி ஒருத்தி வீட்டுக்குள் இறந்து காணப்பட்டாள். சரியாக 50 நாள் கழித்து, மார்ச் 4 அன்று, அவளுடைய 9 வயதுத் தங்கையும் அதே வீட்டில் அவ்வாறே காணப்பட்டாள். தலித் குடும்பம், ஒற்றை அறை வீடு. இருவரும் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவர்கள் என்பது பின்னர் வெளிவந்தது.

சொற்பொருளியல் பயிலும் நாம் இவ்வழக்கில் ஒரு சொல்லைக் கூர்ந்து நோக்க வேண்டும். ‘தற்கொலை’ என்பதன் முதலுறுப்பு ‘தன்’. வினை நிகழ்த்தியவர் யார் என்னும் கேள்விக்கு அச்சொல் தன்னுள்ளேயே விடை வைத்திருக்கிறது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174ஆம் பிரிவு (இன்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194ஆம் பிரிவு) வகுத்த விசாரணையை நாம் ‘இயற்கைக்கு மாறான மரணம்’ குறித்தது என்கிறோம். மலையாளத்தில் ‘அஸ்வாபாவிக மரணம்’. இத்தொடரில் வினைமுதல் இல்லை. ஆகவே விசாரணைக்கு இடமிருக்கிறது. முதல் மரணத்தைத் தற்கொலையென எளிதாகக் கொண்டபோது அவ்விடம் அடைபட்டது. தங்கை அப்போது உயிரோடிருந்தாள்.

2019இல் பாலக்காடு போக்சோ நீதிமன்றம் குற்றஞ்சாட்டப்பட்டோரை விடுவித்தது. 2021 ஜனவரியில் கேரள உயர் நீதிமன்றம் புலனாய்வின் குறைகளைக் கடுமையாகக் கண்டித்து, அவ்விடுதலையை நீக்கி மறுவிசாரணைக்கு ஆணையிட்டது. தற்கொலையே எனக் கூறிய மத்தியப் புலனாய்வுத் துறையின் குற்றப்பத்திரிகையை 2022 ஆகஸ்டில் நீதிமன்றம் ஏற்க மறுத்தது. 2025 ஜனவரியில் அத்துறை பெற்றோரையும் குற்றஞ்சாட்டப்பட்டோராகச் சேர்த்தது. அவர்கள் அதனை மறுக்கின்றனர்.

‘கொலை’ என்றும் நாம் எழுதலாகாது, அதுவும் நிறுவப்படவில்லை. ஆயினும் இரு சொற்களும் சமமானவையல்ல. கொலையென்ற ஐயம் தவறாயின் விசாரணை அதனைத் திருத்தும். தற்கொலையென்ற முடிவு தவறாயின், திருத்த வேண்டிய விசாரணையே நின்றுபோகும். மேலும், சிறாரின் தற்கொலைக்குத் தூண்டுவோர்க்கு இந்திய தண்டனைச் சட்டத்தின் 305ஆம் பிரிவு மரண தண்டனை வரை விதித்தது. அதாவது, தற்கொலையே என நிறுவப்பட்டாலும் ‘யார்’ என்னும் வினா முடிவதில்லை.

எனவே ஆய்வேட்டிலும் கருத்தரங்கிலும் இவ்வழக்கைக் குறிப்பிடுவோர் ‘வாளையார் சகோதரிகள் தற்கொலை’ என்று தலைப்பிடாதிருப்போம். ‘வாளையார் சிறுமியர் மரணம்’ என்பதே போதும். நீதிமன்றம் இன்னும் எழுதி முடிக்காத வாக்கியத்துக்கு நாம் எழுவாய் தரவேண்டியதில்லை.