பின்னால் வரும் சக்கரம்

அமெரிக்காவில் கோடை விடுமுறை பிறந்ததும், பல குடும்பங்கள் ஒரு சிறு வீட்டையே தம்மோடு இழுத்துக்கொண்டு புறப்பட்டுவிடுகின்றன. படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி யாவும் அடங்கிய அவ்வீட்டுக்கு டிராவல் டிரெய்லர் என்று பெயர். அதற்கு எஞ்சின் இல்லை. முன்னே செல்லும் வாகனத்தோடு பிணைக்கப்பட்டுப் பின்னே உருண்டு வரும். உள்ளிருக்கும் மெத்தையையும் திரைச்சீலையையும் பாராட்டுவோர் பலர். சக்கரத்தின் உள்ளே என்ன இருக்கிறதென்று கேட்போர் சிலரே. இம்மாதம் நாம் அதைப் பார்ப்போம்.

நம் நாட்டு மாட்டுவண்டிக்கு வைக்கோல் கரியையும் விளக்கெண்ணெயையும் குழைத்து வண்டிமை இடுவது வழக்கம். மை காய்ந்தால் அச்சு கிறீச்சிட்டு, வண்டிக்காரருக்குத் தானே சொல்லிவிடும். டிரெய்லரிலோ ஓட்டுபவர் பல அடி முன்னே, கண்ணாடி ஏற்றிய வேறொரு வாகனத்தில் அமர்ந்திருக்கிறார். பின்னே எழும் முனகல் அவர் காதுக்கு எட்டுவதில்லை. கிரீஸ் வற்றிய பேரிங் காய்ந்து, உருளைகள் இறுகி, அச்சின் நுனியே முறிந்து சக்கரம் கழன்று ஓடுமானால், அது யார்மீது போய் மோதும் என்று யாரால் சொல்ல முடியும்? செலவு குறைவான இச்சிறு பணியை நாம் பெரிதாகப் பேசுவது இதனால்தான்.

சக்கரத்தின் குடத்தினுள், உள்ளும் புறமுமாக இரண்டு பேரிங்குகள் உண்டு. அவற்றின் உருளைகள் ஒருபுறம் பருத்தும் மறுபுறம் சிறுத்தும் இருக்கும். குதிரை வண்டிகள் செய்து வந்த ஹென்றி டிம்கன் என்பவர் 1898-இல் இவ்வகைப் பேரிங்குக்குக் காப்புரிமை பெற்றார். மேலிருந்து அழுத்தும் பாரத்தையும், வளைவில் பக்கவாட்டில் தள்ளும் விசையையும் ஒருசேரத் தாங்குவது இதன் சிறப்பு.

ஆண்டுக்கு ஒருமுறை, அல்லது 12,000 மைல் ஓடியபின், இவற்றில் எது முந்துகிறதோ அப்போது குடத்தைக் கழற்றிப் பார்ப்பது பொதுவான முறை. டிரெய்லரை ஜாக்கியில் மட்டும் நம்பி நிறுத்தாமல், உறுதியான தாங்கியும் கொடுக்க வேண்டும். மூடியை எடுத்து, காட்டர் பின்னையும் நட்டையும் நீக்கினால் பேரிங் கைக்கு வரும். பழைய கிரீஸை மண்ணெண்ணெயில் முற்றிலும் கழுவி உலர்த்துக. காற்றை அடித்துப் பேரிங்கைச் சுழலவிடுவது சிலருக்கு விளையாட்டு. உருளை தெறித்துக் கண்ணைக் கெடுக்கக்கூடிய விளையாட்டு அது! உருளையிலோ, அது உருளும் கிண்ணத்திலோ குழிகள் காணப்பட்டாலும், சூட்டினால் நீலம் பாரித்திருந்தாலும் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

உள்ளங்கையில் கிரீஸை வைத்து, பேரிங்கின் அகன்ற விளிம்பை அதில் அழுத்தி அழுத்தி, மறுபுறம் கிரீஸ் பிதுங்கும்வரை நிரப்புவது பழைய முறை; இன்றும் அதுவே நல்ல முறை. மேலே பூசிவிட்டால் போதாது. ஒருவகைக் கிரீஸோடு மற்றொரு வகையைக் கலந்தால் இரண்டும் இளகிப் பயனற்றுப் போகலாம். ஆயில் சீல் ஒவ்வொரு முறையும் புதியதாக இருக்கட்டும். திரும்பப் பூட்டுகையில், சக்கரத்தைச் சுழற்றியவாறே நட்டை இறுக்கி, பிறகு தளர்த்தி, விரலால் மட்டும் திருகி நிறுத்துக. துளை நேர்படாவிட்டால் சற்றே பின்னுக்குத் திருப்பிப் புதிய காட்டர் பின்னைச் செருகுக. மிக இறுக்கினால் பேரிங் வெந்துபோகும்.

சில அச்சுகளின் நுனியில் கிரீஸ் ஏற்றும் நிப்பிள் உண்டு. கழற்றாமலே வேலை முடிந்தது என்று மகிழ்ந்து, சக்கரத்தைச் சுழற்றாமல் பம்பை வேகமாக அடித்தால், கிரீஸ் பின்புறச் சீலைத் தாண்டிப் பிரேக்கில் வழியும். பிரேக் பிடிக்காது.

ஓடாத வண்டிக்கு எதற்கு இவ்வளவும் என்று எண்ணலாகாது. டிரெய்லர் ஆண்டின் பெரும்பகுதி வீட்டோரம் நிற்கிறது. அப்போதுதான் ஈரம் உட்புகுந்து துரு பிடிக்கிறது.

பயணத்தில் எண்ணெய் போடவோ, தேநீர் அருந்தவோ நிற்கும்போதெல்லாம் ஒவ்வொரு குடத்தின் அருகிலும் புறங்கையைக் கொண்டுசென்று பாருங்கள். எல்லாம் ஒரே அளவில் வெதுவெதுப்பாயிருப்பது இயல்பு. ஒன்று மட்டும் கொதித்தால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். அடுத்த ஊர்வரை போய்ப் பார்க்கலாம் என்பது வேண்டாம்.