‘அருமை’ என்று சொல்லிக் கைகழுவுதல்

ஒரு சொல்லைத் தடைசெய்யும் அதிகாரம் எங்களுக்கு ஒருநாள் வாய்க்குமானால், முதலில் தடைசெய்வது ‘அருமை’ என்பதாகவே இருக்கும். தமிழ் கற்பிப்பதைத் தொழிலாகக் கொண்ட நாங்கள் இப்படி எழுதுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆனால் அச்சொல்லின்மீது கொண்ட மதிப்பினால்தான் இதை எழுதுகிறோம். அருமை என்பதற்கு முதற்பொருள் அரிதாம் தன்மை. எளிதில் கிட்டாதது எதுவோ அதுவே அரியது. ஞாயிறுதோறும் நாற்பது புகைப்படங்களைப் பார்த்து நாற்பதையும் அருமை என்போமானால், ஒன்று நாங்கள் பொய்யர்களாக இருக்கவேண்டும், அல்லது அச்சொல்லின் பொருளை மறந்தவர்களாக இருக்கவேண்டும். இரண்டுமே தமிழாசிரியருக்கு அழகல்ல.

அவிநாசிபாளையம் நால்ரோட்டை அறிந்தவர்களுக்கு எங்கள் கூட்டத்தையும் தெரிந்திருக்கலாம். திருப்பூரிலிருந்து தாராபுரம் செல்லும் சாலையும், பல்லடம் பொங்கலூர் வழியாகக் காங்கேயம் நோக்கிப் போகும் நெடுஞ்சாலையும் வெட்டிக்கொள்ளும் இடம். விடியுமுன்னே பனியன் கம்பெனி வண்டிகள் ஆளேற்றிக்கொண்டு போகும். கறிக்கோழி லாரிகள் போகும். அங்கே ஒரு தேநீர்க்கடை பெஞ்சில் ஞாயிறு காலை ஏழெட்டுப் பேர் கூடுவோம். எங்களுள் ஆசிரியர் உண்டு, ஸ்டுடியோ வைத்திருப்பவர் உண்டு, நான்கு தறி ஓட்டுபவர் உண்டு, மருந்துக்கடைக்காரர் உண்டு. யாருக்கும் புகைப்படம் சோறு போடவில்லை (ஸ்டுடியோக்காரருக்கும் இப்போதெல்லாம் அப்படித்தான்). அந்த வாரம் எடுத்ததில் நல்லது என்று தோன்றுவதை மேக்ஸி அளவில் அச்சிட்டு எடுத்து வரவேண்டும் என்பது மட்டுமே விதி. பிரதிகள் கைமாறும். தேநீர் வரும். ‘அருமை’ என்போம். கலைவோம்.

பல ஆண்டுகள் இப்படியே போயின. அந்த ஆண்டுகளில் நாங்கள் எடுத்த படங்களைத் தரம் பிரித்தால் நான்கு கட்டுகளில் அடங்கிவிடும். காங்கேயம் காளை, செவ்வானத்தின் முன் காற்றாலை, கொறங்காட்டில் மேயும் செம்மறிகள், சுருக்கம் விழுந்த முதிய முகம். பின்னலாடைத் தொழிலின் நடுவே உட்கார்ந்துகொண்டு, ஒரு பனியன் துண்டுகூட இல்லாத ஒரு நாட்டுப்புறத்தை நாங்கள் படமெடுத்துக்கொண்டிருந்தோம். அதை எவரும் எவரிடமும் சுட்டிக்காட்டவில்லை. சுட்டிக்காட்டினால் நட்பு கெடும் என்ற அச்சம்.

o

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இளைஞர் எங்களோடு சேர்ந்தார். பனியன் கம்பெனி ஒன்றில் செக்கிங் பிரிவில் வேலை. தீபாவளி போனஸில் ஒரு பழைய டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். வாங்கியிருந்தார். மூன்றாவது வாரமோ நான்காவது வாரமோ இரண்டு படங்களைக் கொண்டுவந்தார். ஒன்று, நாங்கள் அனைவரும் எடுத்துச் சலித்த காற்றாலை. மற்றொன்று, தறிக்குடோன் என்று எங்கள் பக்கம் வழங்கும் விசைத்தறிக்கூடத்தில் இரவு வேலை பார்க்கும் அவருடைய தாய். அறுந்த பாவு இழையைப் பிணைக்கக் குனிந்திருக்கிறார். தலையில் பஞ்சுத்தூசி படிந்திருக்கிறது. நரை எது, பஞ்சு எது என்று பிரித்தறிய முடியவில்லை.

எங்கள் பெஞ்சு என்ன சொன்னது? “அருமை.” “அருமை தம்பி.” “முகத்துல கொஞ்சம் வெளிச்சம் பத்தலை, ஆனாலும் அருமை.” காற்றாலைப் படத்திற்கும் இதே மூன்று வாக்கியங்கள், வெளிச்சக் குறை நீங்கலாக. அவர் சற்று நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: “ஏனுங்க சார், ரெண்டும் அருமைன்னா, ரெண்டுல எதுங்க சார் நல்லாருக்குது?”

நாங்கள் சிரித்தோம். இன்னொரு தேநீர் சொன்னோம். அவ்வளவுதான்.

இரண்டு மாதங்களில் அவர் வருவது நின்றது. கேமராவை விற்றுவிட்டதாகப் பின்னர் அறிந்தோம். ஷிப்ட் மாறிவிட்டது என்றார். அது உண்மையாகவே இருக்கலாம். ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டு வருபவருக்கு ஞாயிறு என்பது தூங்குவதற்கான நாள். ஆயினும் அவர் கேட்ட கேள்விக்கு நாங்கள் விடை தரவில்லை என்பது ஷிப்டினால் மறைந்துவிடாது.

என்ன சொல்லியிருக்க வேண்டும் என்பது இப்போது நமக்குத் தெரிகிறது. காற்றாலைப் படம் வேண்டாம், அதை நாங்களே நூறு முறை எடுத்துவிட்டோம் என்று சொல்லியிருக்க வேண்டும். தாயின் படத்தில் இடப்புறம் மூன்றிலொரு பங்கு வீணாகக் கிடக்கிறது, இரண்டடி முன்னால் நகர்ந்திருக்கலாம் என்று சொல்லியிருக்க வேண்டும். மேல் மூலையில் டியூப்லைட் கண்ணைப் பறிக்கிறது, சற்றுத் தாழ்ந்து நின்றிருந்தால் அது சட்டத்திற்கு வெளியே போயிருக்கும். கூர்மை கூந்தலில் விழுந்திருக்கிறது, விரல்களின் முடிச்சில் விழுந்திருந்தால் படத்தின் நடு எது என்ற ஐயமே வந்திராது. ஆனால் வெளிச்சத்தை மட்டும் கூட்டாதே, அந்த மங்கல்தான் அந்தக் கூடம், அந்த மங்கலில்தான் உன் தாய் இழை தேடுகிறார். இவ்வளவையும் சொல்ல ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். ஒரே சொல்லில் முடித்துக்கொண்டோம்.

o

பாராட்டு மட்டுமே நட்பு என்ற எண்ணம் தமிழ் மரபிற்கு அயலானது. நட்பைப் பேசவந்த வள்ளுவர் சிரித்து மகிழ்வதை அதன் பயனாகச் சொல்லவில்லை. எல்லை மீறும்போது முன்சென்று கடிந்துரைப்பதையே சொன்னார். கொங்குநாட்டுச் சீனாபுரத்தைச் சேர்ந்தவர் எனப் பலரும் கருதும் பவணந்தி முனிவர், நன்னூலின் பொதுப்பாயிரத்தில் ஒரு நூலுக்குப் பத்துக் குற்றங்களையும் பத்து அழகுகளையும் வகுத்துவைத்தார். குற்றத்தை முன்னே வைத்தார், அழகைப் பின்னே வைத்தார். கூறியது கூறல் குற்றம் என்றார். எங்கள் காற்றாலைகளை அவர் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்? மிகைபடக் கூறல் குற்றம் என்றார். கணினியில் வானத்தைக் குங்குமமாக்கும் எங்கள் பழக்கம் வேறென்ன? மற்றொன்று விரித்தல் குற்றம் என்றார். தறிக்குடோனில் பிறந்து வளர்ந்தவர் ஞாயிறுதோறும் கொறங்காட்டைத் தேடி ஓடுவது அதுவன்றோ?

திணைக்கோட்பாட்டை வகுப்பறையில் ஆண்டுதோறும் நடத்துகிறோம். முதற்பொருள் நிலமும் பொழுதும். கருப்பொருள் அந்நிலத்தின் உயிர்களும் பொருள்களும் தொழில்களும். உரிப்பொருள் மனிதர்க்குள் நிகழ்வது. முதலும் கருவும் அதற்காகவே நிற்கின்றன. எங்கள் படங்களில் மாலைப்பொழுது இருந்தது, காளை இருந்தது. உரிப்பொருள் இல்லை. அந்த இளைஞரின் படத்தில் மூன்றும் இருந்தன. அதை அடையாளம் காணத் தெரியாத நாங்கள் எந்தத் தகுதியில் மறுநாள் வகுப்பிற்குப் போய்க் குறுந்தொகை நடத்தினோம்?

o

இனி மறுதரப்பின் வாதங்களுக்கு வருவோம்.

முதல் வாதம்: “இது பொழுதுபோக்கு, இதில் எதற்கு விமர்சனம்?” பொழுதுபோக்காளர்களின் வரலாறு அவ்வளவு எளியதன்று. சென்னையில் புகைப்படச் சங்கம் 1850களிலேயே தோன்றிவிட்டது. கவின்கலைப் பள்ளியை 1850இல் தொடங்கிய மருத்துவர் அலெக்சாண்டர் ஹண்டர் அதற்கு முன்னின்றவர். படைவீரரான லின்னேயஸ் ட்ரைப் தம் விருப்பத்திற்காகக் கேமராவைக் கையிலெடுத்தவர். 1855இல் சென்னைக் கண்காட்சியில் அவருடைய படங்கள் நடுவர்களால் ஆராயப்பட்டு முதல்தரப் பதக்கம் பெற்றன. அடுத்த ஆண்டே அவர் சென்னை மாகாணத்தின் அரசுப் புகைப்படக்காரர் ஆனார். 1858இல் அவர் எடுத்த மதுரை, தஞ்சைப் படங்கள் இன்றும் நமக்கு ஆவணம். பொழுதுபோக்கு என்பதனாலேயே ஒரு செயல் ஆராய்ச்சிக்கு அப்பாற்பட்டதாகிவிடாது.

இரண்டாம் வாதம்: “கடுமையாகச் சொன்னால் புதியவர்கள் ஓடிவிடுவார்கள்.” இதில் பாதி உண்மை உண்டு. அமெரிக்காவில் 1935 முதல் அரசின் புகைப்படப் பிரிவை நடத்திய ராய் ஸ்ட்ரைக்கர், தமக்கு வேண்டாத நெகட்டிவ்களில் துளையிட்டுத் திருப்பியதுண்டு. டொரோத்தியா லாங், வாக்கர் எவன்ஸ் போன்றோர் பணியாற்றிய பிரிவு அது. கலைஞனின் படத்தில் ஓட்டை போடுவது விமர்சனமாகாது, அது வன்முறை. அதை நாங்கள் பரிந்துரைக்கவில்லை. துளையிடும் கருவிக்கும் ‘அருமை’க்கும் இடையே மிகப் பரந்த நிலம் கிடக்கிறது என்பதே எங்கள் வாதம். அந்நிலத்தில் நடக்கச் சோம்பல்பட்டுத்தான் நாம் ‘அருமை’யில் ஒதுங்குகிறோம். மேலும், எங்கள் கண்முன் ஓடிப்போனவர் கடுஞ்சொல் கேட்டு ஓடவில்லை. வெறுஞ்சொல் கேட்டுப் போனார்.

மூன்றாம் வாதம்: “விமர்சனம் வேண்டுமென்றால் போட்டிகளுக்கு அனுப்பலாமே.” 1950இல் நிறுவப்பட்ட ஃபியாப் என்னும் பன்னாட்டுக் கூட்டமைப்பின் கீழும் பிறவற்றின் கீழும் நடக்கும் சலூன்களை நாங்களும் அறிவோம். நடுவர் மதிப்பெண் இடுவார். ஏற்பு அல்லது மறுப்பு வரும். ஏற்புகள் சேர்ந்தால் பெயருக்குப் பின்னால் எழுத்துகள் சேரும். ஏன் ஏற்றார், ஏன் மறுத்தார் என்று பெரும்பாலும் எவரும் சொல்வதில்லை. எண்ணும் ஒருவகை ‘அருமை’தான். ஒருமுறை ஏற்கப்பட்ட படத்தைப் போலவே அடுத்த படத்தையும் எடுக்கச் சொல்லும் ஆசை அதற்குள் இருக்கிறது. சுருங்கிய முகங்களும் தூசியினூடே விழும் ஒளிக்கற்றைகளும் நாடெங்கும் ஒன்றுபோல் பெருகியதற்கு அந்த ஆசையும் ஒரு காரணம்.

o

அன்றாடத்தைப் படமெடுப்பதால் என்ன ஆகும் என்று கேட்போருக்கு ஒரு பள்ளியாசிரியரைச் சுட்டுகிறோம். நியூயார்க்கில் ஆசிரியராக இருந்த லூயிஸ் ஹைன் முதலில் கற்பித்தலுக்குத்தான் கேமராவைப் பயன்படுத்தினார். 1908 முதல் தேசியக் குழந்தைத் தொழிலாளர் குழுவுக்காகக் கரோலினா மாநிலங்களின் பஞ்சாலைகளுக்குள் சென்று நூற்புப் பொறிகளின்முன் நின்ற சிறுமிகளைப் படமெடுத்தார். ஆலைக்குள் விடமாட்டார்கள் என்பதால் வேறு ஆள்போல நடித்துச் சென்றதுண்டு. தம் சட்டைப் பொத்தான்களைக் கொண்டு குழந்தையின் உயரத்தை அளந்து குறித்துக்கொண்டதுண்டு. படத்தோடு வயதையும் வேலையையும் கூலியையும் எழுதிவைத்தார். குழந்தைத் தொழிலுக்கு எதிரான கூட்டாட்சிச் சட்டம் 1916இல் வந்தது, 1918இல் நீதிமன்றத்தால் வீழ்ந்தது, 1938இல் வேறு வடிவில் நிலைத்தது. படங்கள் மட்டுமே சட்டம் கொண்டுவந்தன என்று சொல்லமாட்டோம். படங்கள் இன்றி அவ்வியக்கம் இல்லை என்பதைச் சொல்லலாம்.

பஞ்சாலைக்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று இந்த மண்டலத்தில் இருந்துகொண்டு எவரும் கேட்க முடியாது. ‘சுமங்கலித் திட்டம்’ என்ற பெயரில் இளம்பெண்கள் ஆண்டுக்கணக்கில் மில் விடுதிகளில் வைக்கப்பட்ட காலத்தில் நாம் எந்தக் காளையைப் படமெடுத்துக்கொண்டிருந்தோம்? நொய்யலில் சாயம் ஓடி, 2011 ஜனவரியில் உயர்நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டு, ஊரே வேலையின்றி நின்ற நாள்களில் நம் பெஞ்சில் எத்தனை படம் அதைப் பற்றி வந்தது? ஒன்றுகூட இல்லை.

தொலைவில் போகவேண்டியதும் இல்லை. மதுரை ஜவஹர்லால்புரத்தைச் சேர்ந்த எம். பழனிகுமார், மீன் விற்கும் தம் தாயைப் படமெடுத்து, அவரைப் பற்றி எழுதவும் செய்தவர். 2017இல் வெளிவந்த ‘கக்கூஸ்’ ஆவணப்படத்தின் ஒளிப்பதிவாளர். தூய்மைப் பணியாளர்களின் இறப்புகளையும் அவர்தம் குடும்பங்களையும் தொடர்ந்து பதிவு செய்தவர். உழைப்பாளர்களின் பிள்ளைகளுக்குக் கேமராவைக் கொடுத்துக் கற்பிப்பவரும் அவர். தாயைப் படமெடுத்த எல்லாரும் பழனிகுமார் ஆகிவிடுவதில்லை என்பது தெரியும். எங்கள் பெஞ்சுக்கு வந்த இளைஞர் ஆகியிருப்பார் என்றும் சொல்லவில்லை. ஆகியிருப்பாரா என்று அறியும் வாய்ப்பை நாங்கள் ஒரு சொல்லால் அழித்தோம் என்பதே குற்றச்சாட்டு. குற்றம் சாட்டுபவர்களும் நாங்களே, சாட்டப்படுபவர்களும் நாங்களே.

ஒன்றைச் சேர்த்துச் சொல்லவேண்டும். உழைப்பவரைப் படமெடுப்பதாலேயே படம் உயர்ந்துவிடாது. கம்பெனி வண்டிக்குக் காத்திருக்கும் பெண்ணின் முகத்தை அவரறியாமல் தொலைநோக்கு லென்ஸால் திருடிவந்து ‘அன்றாடம்’ என்று பெயரிடுவது இன்னொரு குற்றம். அதையும் பெஞ்சில் சொல்லவேண்டும். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து நம் தெருவில் குடியிருப்பவரின் அறைக்குள் கேமராவோடு நுழையுமுன் அவர் பெயரையாவது கேட்டோமா?

இப்போது எங்கள் பெஞ்சில் மூன்று கேள்விகள் வைத்திருக்கிறோம். இந்தப் படத்தை ஏன் எடுத்தீர்கள்? இதில் எதை நீக்கினால் படம் மேம்படும்? இதில் இருப்பவருக்கு இதைக் காட்டினீர்களா? மூன்றுக்கும் விடை பேசிய பிறகே அடுத்த பிரதி. ‘அருமை’ என்று வாய்தவறிச் சொல்பவர் அன்றைய தேநீருக்குக் காசு தரவேண்டும். முதல் மாதத்தில் மருந்துக்கடை நண்பருக்குச் செலவு அதிகம். இருவர் கோபித்துக்கொண்டு வருவதை நிறுத்திவிட்டனர். ஒருவர் மீண்டும் வந்துவிட்டார். காற்றாலைகள் குறைந்துவிட்டன.

அந்த இளைஞரைச் சென்ற மாதம் அவர் வீட்டில் போய்ப் பார்த்தோம். மேலே எழுதிய இடப்புறம், டியூப்லைட், முடிச்சு, மங்கல் எல்லாவற்றையும் தாமதமாகச் சொன்னோம். அவருடைய தாயும் கேட்டுக்கொண்டிருந்தார். “அப்பவே சொல்லியிருக்கலாமுங்க சார்” என்றார் அவர். நாங்கள் மறுக்கவில்லை. கேமரா வேண்டுமானால் எங்களுடையதை எடுத்துக்கொள்ளலாம் என்றோம். “பார்க்கலாமுங்க” என்றார்.

இதைப் படிக்கும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். இக்கட்டுரைக்கு உங்கள் மறுமொழி ‘அருமை’ என்பதாக இருக்குமானால், அருள்கூர்ந்து அதைச் சொல்லாதீர்கள். எங்கே பிழை என்று சொல்லுங்கள்.