தேன் சோப்பும் போர் தண்ணீரும்

நம் இதழுக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "சார், ஒரு கிலோ எண்ணெய்க்குத் தேன் எவ்வளவு போடலாம்?" பதில் ஒரே வரிதான். 10 முதல் 20 கிராம், அதாவது ஒன்றரையிலிருந்து மூன்று டீஸ்பூன். அதோடு போனை வைத்துவிடலாம். ஆனால், "எதுக்கும்மா தேன்?" என்று திருப்பிக் கேட்டால்தான் உண்மையான கதை வெளியே வரும். சேலையூர், மாடம்பாக்கம், மேடவாக்கம் பக்கத்திலிருந்து பேசுகிறவர்கள் சொல்லும் காரணம் பெரும்பாலும் ஒன்றே. "நுரையே வரமாட்டேங்குது சார். தேன் போட்டா நல்லா நுரைக்கும்னு சொன்னாங்க."

சொன்னவர் பொய் சொல்லவில்லை. சர்க்கரை சேர்ந்த சோப்பு தண்ணீரில் சுலபமாகக் கரையும், நுரையும் கூடும். இது நம் தொழிலில் பழைய சங்கதி. கண்ணாடி மாதிரி தெரியும் சோப்புக்குச் சர்க்கரைப் பாகு சேர்ப்பது தலைமுறைகளாக நடக்கிறது. தேனில் ஐந்தில் நான்கு பங்கு சர்க்கரை, மீதியில் பெரும்பகுதி தண்ணீர். ஆகவே தேன் செய்கிற வேலையை ஒரு ஸ்பூன் சீனியும் செய்யும். அது கிடக்கட்டும். நுரை வராததற்குக் காரணம் சோப்பா என்பதுதான் முதல் கேள்வி.

சென்ற மாதம் சேலையூரில் சுய உதவிக் குழுப் பெண்கள் சிலரோடு உட்கார்ந்து அதைச் சோதித்துப் பார்த்தோம். ஆளுக்கொரு காலி தண்ணீர் பாட்டில். சிலருக்கு வீட்டு போர் தண்ணீர், சிலருக்குக் கேன் தண்ணீர். அவர்களே ஊற்றிய ஒரே சோப்பைக் கேரட் துருவியில் துருவி, ஆளுக்கு ஒரு சிட்டிகை போட்டுக் குலுக்கச் சொன்னேன். கேன் தண்ணீரில் நுரை பாட்டில் கழுத்துக்கு ஏறி நின்றது. போர் தண்ணீரில் நுரைக்குப் பதிலாகத் திரிந்த பால் போல வெள்ளைத் துணுக்குகள் மிதந்தன. பிறகு தேன் போட்ட சோப்பையும் அதே மாதிரி குலுக்கினார்கள். கேன் தண்ணீரில் நுரை இன்னும் கொஞ்சம் பருமனாக வந்தது. போர் தண்ணீரில் அதே துணுக்குகள். "அப்போ இத்தனை நாளா தேனை வேஸ்ட் பண்ணிருக்கோம்" என்றார் ஓர் அக்கா. அவரே நாலு பேச்சுக்கு நடுவில் இன்னொன்றும் சொன்னார்: "எங்க அம்மா வீடு அம்பத்தூர். அங்க இதே சோப்பு பொங்கும்."

சோப்பு அதேதான், தண்ணீர்தான் வேறு. கணக்கு எளிது. தண்ணீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 400 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் 200 வரை ஏற்கிறது, வேறு வழியில்லாதபோது 600 வரை பொறுத்துக்கொள்கிறது. ஆக 400 ஒன்றும் அதிசய எண் இல்லை. அந்த ஒரு லிட்டரில் இருக்கும் சுண்ணாம்புச் சத்து சுமார் 2 கிராம் சோப்பைப் பிடித்து, கரையாத அழுக்காக மாற்றிவிடும். அது முடிந்த பிறகுதான் நுரை. பாத்ரூம் டைல்ஸில் படியும் வெள்ளைப் பட்டை அந்தச் சோப்பின் பிணம்தான். தேன் இந்தச் சுண்ணாம்பைத் தொடுவதில்லை.

தொடுவது சிட்ரேட். ஒரு கிலோ எண்ணெய்க்கு 10 கிராம் சிட்ரிக் அமிலத்தை முதலில் தண்ணீரில் கரைத்துவிட்டு, காஸ்டிக் சோடாவை வழக்கமான அளவோடு 6 கிராம் கூடுதலாகப் போடுங்கள். அந்த 6 கிராம் அமிலத்தை முறித்துச் சிட்ரேட்டாக்கப் போய்விடும். அதைக் கூட்ட மறந்தால் சோப்பு கொழகொழவென்று நிற்கும். இதனால் போர் தண்ணீர் மெட்ரோ வாட்டராக ஆகிவிடாது. திரிவது குறையும், அவ்வளவுதான். எண்ணெய்க் கலவையில் பாதியாவது தேங்காய் எண்ணெயாக இருக்கட்டும். தேங்காய் எண்ணெய்ச் சோப்பு கடல் தண்ணீரிலேயே நுரைக்கும். பத்தில் ஒரு பங்கு விளக்கெண்ணெய் சேர்த்தால் வந்த நுரை நிலைக்கும். நான் ஊற்றுவது ஒரு கிலோவுக்குத் தேங்காய் எண்ணெய் 500, கடலை எண்ணெய் 400, விளக்கெண்ணெய் 100 கிராம். ஐந்து சதவீதம் எண்ணெய் மிச்சம் நிற்க, காஸ்டிக் 151 கிராம். சிட்ரிக் அமிலம் போட்டால் 157.

இதற்குப் பிறகும் தேன் வேண்டும் என்பவர்களுக்கு. நானும் அந்தக் கட்சிதான், அந்தத் தவிட்டு நிறத்துக்காகவும் மெல்லிய வாசனைக்காகவும். ஆனால் தேனும் காஸ்டிக்கும் சந்திக்கும் இடத்தில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டு போடுங்கள். நான் தெரியாமல் போட்டவன். மேற்குத் தாம்பரத்தில் மொட்டை மாடி அறையில் குடியிருந்த காலம். வைகாசி மாதம், மேலே ஆஸ்பெஸ்டாஸ். ஒரு கிலோ எண்ணெய்க்குத் தாராளமாக 60 கிராம் தேன். போதாததற்கு, குளிர்நாட்டுக்காரர் யாரோ எழுதியதைப் படித்துவிட்டு அச்சுப் பெட்டியைக் கம்பளியால் சுற்றி வைத்தேன். அரை மணி நேரத்தில் கம்பளி அசைந்தது. பிரித்துப் பார்த்தால் சோப்பு நடுவில் பணியாரம் போல உப்பி, வெடித்து, பழுப்பாக வழிந்துகொண்டிருந்தது. அம்மோனியா போல ஒரு நெடி. வழிந்தது சோப்பு என்று கை வைக்கத் தோன்றும். அதில் பாதி இன்னும் காரம். சிவப்புத் தரையில் அது விட்ட வெளுத்த திட்டு நான் வீடு காலி செய்யும் வரை இருந்தது. முன்பணத்தில் பிடித்துக்கொண்டார்கள்.

தேனில் உள்ள குளுக்கோஸும் பிரக்டோஸும் காரத்தில் உடைந்து பழுப்பேறும், உடையும்போது சூட்டையும் கிளப்பும். சோப்பு உண்டாகும் சூடு ஒரு பக்கம், இது ஒரு பக்கம், தாம்பரத்து வெயில் மூன்றாவது. ஆகவே கொதிக்கிற காரக் கரைசலில் ஒருபோதும் தேனை விடாதீர்கள். கணக்கில் உள்ள தண்ணீரிலேயே இரண்டு ஸ்பூன் எடுத்து வைத்து, தேனை அதில் கரைத்து, கலவை மோர்க்குழம்புப் பதத்துக்கு வரும்போது சேர்த்து ஒரு கிளறு கிளறினால் போதும். கரைசலும் எண்ணெயும் 40 டிகிரிக்குக் கீழே இருக்கட்டும். சித்திரை, வைகாசியில் பகலில் அது நடக்காது. விடிகாலை ஐந்து மணிக்கு ஊற்றுங்கள். பெரிய பெட்டி வேண்டாம், தனித்தனிக் குழி உள்ள சிலிக்கான் அச்சு போதும். கம்பளிக்குப் பதில் ஃபேன்.

வெயில் ஒழிந்தால் மழை. தேன் காற்றின் ஈரத்தை இழுக்கும் குணமுள்ளது. சோப்பிலேயே உண்டாகும் கிளிசரினும் அப்படித்தான். ஐப்பசி, கார்த்திகையில் நம் பக்கத்துக் காற்றில் தேன் சோப்பு காய்வதே இல்லை. முத்து முத்தாக வியர்த்து, காகித உறையை நனைத்துவிடும். 2015 டிசம்பரில் ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. முடிச்சூர் பக்கம் வீட்டையே காப்பாற்ற முடியாத நேரத்தில் சோப்பை யார் பார்த்தார்கள் என்பது வேறு. சாதாரண அடைமழையே தேன் சோப்புக்குப் போதுமான எதிரி.

இனி, பலரும் பேசத் தயங்கும் பகுதி. தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. அங்கே சூரணத்தைத் தேனில் குழைத்துச் சாப்பிடச் சொல்லி அனுப்பப்பட்டவர் வெளியே வந்து நம் ஸ்டாலில் 'தேன் சோப்பு' என்ற எழுத்தைப் பார்க்கிறார். "சொறி போகுமா?" என்று கேட்கிறார். நம்மில் சிலர் "போகும்மா" என்கிறோம். எதை வைத்துச் சொல்கிறோம்? தேன் கிருமியை அடக்குவதற்கு அதில் உள்ள ஒரு நொதியும் அது உண்டாக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடும் முக்கியக் காரணம். காஸ்டிக்கின் முன் அந்த நொதி பிழைக்காது. தேனைச் சூடாக்காதே என்று சொன்ன பாட்டிகளின் பேரப்பிள்ளைகள் நாம். அதைக் காரத்தில் வேகவைத்துவிட்டு மருந்து என்கிறோம். போதாததற்கு, சோப்பு ஒரு நிமிடத்துக்குள் கழுவிவிடும் பொருள்.

இன்னொரு சங்கடம். 2020 டிசம்பரில் டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 13 பிராண்டு தேன்களைச் சோதித்து, எல்லாச் சோதனையிலும் தேறியவை 3 மட்டுமே என்று அறிவித்தது. பெரிய நிறுவனங்கள் மறுத்தன. சோப்பைப் பொறுத்தவரை நல்ல தேனும் பாகு கலந்த தேனும் ஒரே மாதிரிதான் பழுப்பாகும், ஒரே மாதிரிதான் நுரைக்கும். ஊற்றிய நமக்கே வித்தியாசம் தெரியாது. அதனால்தான் வாங்குமிடம் முக்கியம். மார்த்தாண்டம் பக்கத்துப் பெட்டித் தேனை நம்பகமான இடத்தில் வாங்கினால் போதும். நீலகிரியில் குறும்பர்கள் உயிரைக் கயிற்றில் கட்டித் தொங்கி எடுக்கும் மலைத்தேனைக் காஸ்டிக்கில் கொட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை. அது நாக்குக்கு உரியது.

சட்டம் தெரியாது என்று சொல்வதற்கும் இடமில்லை. மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டத்தில் சோப்புக்கு இருந்த விலக்கு 1982 திருத்தத்தில் நீக்கப்பட்டுவிட்டது. விற்பதற்காகக் குளியல் சோப்பு செய்ய உரிமம் வேண்டும். 'வீட்டில் செய்தது' என்ற வார்த்தை அதற்கு மாற்று ஆகாது. 'சொறி, படை தீரும்' என்று உறையில் அச்சடித்த கணமே அது அழகுசாதனம் என்ற வரம்பைத் தாண்டி மருந்துக்குரிய கேள்விகளுக்குள் போய்விடும். 'தேன் சேர்ந்தது' என்று எழுதுங்கள், பொருட்பட்டியலில் அதன் அளவுக்குரிய இடத்தில், அதாவது கடைசிப் பக்கமாக, போடுங்கள். 2 சதவீதத்துக்கும் குறைவாக இருக்கிற பொருளின் படத்தை உறை முழுக்கப் போட்டு, கூடவே தேனடையும் தேனீயும் வரைவது நம் தொழிலில் புதிதல்ல. நம் வாசகர்களாவது நிறுத்தலாம்.

தீபாவளி ஆர்டருக்குத் தேன் சோப்பு வைத்திருப்பவர்கள் ஆவணி முடிவதற்குள் ஊற்றிவிடுங்கள். காய ஐந்து வாரமாவது வேண்டும். அதே நாளில் தேன் இல்லாமலும் நாலு கட்டி ஊற்றி, இரண்டையும் உங்கள் வீட்டு போர் தண்ணீரில் குலுக்கிப் பாருங்கள். எந்த ஊர், என்ன அளவு, எப்படி வந்தது என்று ஒரு அஞ்சலட்டையில் எழுதிப் போடுங்கள். கார்த்திகை இதழில் ஊர் வாரியாகப் போடுகிறோம்.